எல்லாருக்கும் ஓம் சொன்ன டொக்டர்

இன்றைக்குப் பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலில் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் அந்த டொக்டரைத் தனக்குத் தெரியும் என்று சொல்ல ஒருவர் இருப்பார். தன்னுடைய வீட்டில்தான் அவர் முதன்முதலாக இடியப்பம் சாப்பிட்டார் என்பார். சுனாமி வந்த வருடம் பாரிசுக்கு வந்தவர் என்பார். இரண்டும் பிழை. அவர் எங்கள் சாப்பாட்டை முதலில் சாப்பிட்டது கனகு அண்ணையின் பலசரக்குக் கடைப் பின்னறையில். சாப்பிட்டது முதல் நாள் மிஞ்சிய மட்டன் ரோல். வந்தது சுனாமிக்கு அடுத்த இலையுதிர்காலத்தில், புறநகர்களில் இளைஞர்கள் கார்களை எரித்துக்கொண்டிருந்த கிழமைகளில். ஒரு மனிதர் ஜனாதிபதி ஆகிவிட்டால் அவரைப் பற்றிய திகதிகள் தாமாகவே இடம் மாறத் தொடங்கிவிடுகின்றன. அவை முழுதாக மாறிப்போவதற்குள் எழுதி வைப்பது நல்லது.

ஜனாதிபதி என்றது எங்கள் நாட்டுக்கு அல்ல. மத்திய அமெரிக்காவில், இரண்டு சமுத்திரங்களுக்கு நடுவில் ஒடுங்கிக் கிடக்கிற ஒரு சின்ன நாட்டுக்கு. பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. சொன்னாலும் லாச்சப்பலில் பாதிப் பேர் அதைக் கியூபா என்றுதான் விளங்கிக்கொள்வார்கள். மீதிப் பேர் வாழைப்பழப் பெட்டியில் அந்தப் பெயரை வாசித்ததாகச் சொல்வார்கள். அவரைக் கனகு அண்ணை முதன்முதலில் கேட்டதும் அதைத்தான்: கியூபாவோ? அவர் தலையை இடது பக்கம் மெல்லச் சரித்து, கண்ணை மூடி, எங்கோ தூரத்தில் போகிற ரயிலைக் கேட்பவர்போல ஒரு கணம் இருந்துவிட்டு, ஆமாம் என்று தலையாட்டினார். அவர் கியூபாக்காரர் இல்லை என்பதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு அடுத்த கோடைவரை பிடித்தது. அதையும் அவர் சொல்லவில்லை. அவருடைய நாட்டில் பூமியதிர்ச்சி வந்தபோது அவர் கடைத் தொலைபேசியில் அழுததை வைத்து நாங்களே ஊகித்தோம்.

ஊரில் அவர் உண்மையான டொக்டர். படித்து, பட்டம் வாங்கி, மலைக்கிராமங்களில் வேலை செய்தவர். அங்கே ஆட்சியில் இருந்தவர்களோடு ஏதோ முரண்பட்டுத் துரத்தப்பட்டவர். அவர் ஒருவரோடு முரண்பட்டார் என்பதை நான் இன்றுவரை முழுமனதோடு நம்பவில்லை. அநேகமாக இரண்டு எதிரிகளுக்கு ஒரே கிழமையில் ஆதரவு தெரிவித்திருப்பார். பிரான்சில் அவருடைய பட்டம் செல்லாது. ஆர்ஜொந்தெயில் ஒரு முதியோர் இல்லத்தில் கிழவர்களைக் குளிப்பாட்டிக் கதிரையில் இருத்தி உருட்டுகிற வேலை செய்தார். மார்க்ஸ் டோர்மோயில், கடையிலிருந்து கூப்பிடு தூரத்தில், ஒரு அறை. வேலையால் வந்ததும் கனகு அண்ணையின் கடைக்கு வருவார். நான் பத்திரிகை வாசிக்க அங்கே போய் இருக்கிற ஆள் என்பதால் அவருடைய வரவுகளில் பெரும்பாலானவற்றைப் பார்த்தவன்.

எங்கள் மொழியில் அவர் கற்ற முதல் சொல் ஓம், எங்கள் ஊர் ஆமாம். கனகு அண்ணை தொலைபேசியில் மனைவி பவானி அக்காவோடு பேசும்போது வேறு சொல் எதையும் பாவிப்பதில்லை என்பதால் அது இலகுவில் வந்துவிட்டது. உச்சரிப்பு சுத்தமான யாழ்ப்பாணம். அந்த ஒரு சொல்லை வைத்தே அவருக்குத் தமிழ் தெரியும் என்று பலர் நம்பினார்கள். அவரிடம் கேட்டும் பார்த்தார்கள். தமிழ் தெரியுமோ? ஓம்.

பின்னறையில் அரிசி மூட்டைகளுக்கு நடுவில் ஒரு கதிரையும் ஒரு முக்காலியும் இருந்தன. இங்கே வைத்தியம் பார்க்கத் தனக்கு அனுமதி இல்லை என்று ஒவ்வொருவரிடமும் முதலில் சொல்வார். சொல்லிவிட்டு நாடி பிடிப்பார். மருந்து எழுதுவதில்லை, காசு வாங்குவதில்லை. சந்தேகமில்லாமல் நல்ல கை. அந்தக் கை வயிற்றில் பட்டாலே வலி கொஞ்சம் வெட்கப்பட்டு ஒதுங்கும் என்று ஒரு சமையல்காரர் சொல்வார். ஆனால் கூட்டம் வந்தது கைக்காக அல்ல.

எங்கள் ஆட்கள் வைத்தியரிடம் போகிற முறையை வெளியாருக்கு விளக்குவது கடினம். நோய் என்னவென்று கேட்க நாங்கள் போவதில்லை. அதை வீட்டிலேயே, பெரும்பாலும் சாப்பாட்டு மேசையில், முடிவு செய்துவிடுகிறோம். வைத்தியரிடம் போவது அந்த முடிவுக்கு முத்திரை குத்த. முதல் வைத்தியர் குத்தாவிட்டால் இரண்டாமவர். அவரும் குத்தாவிட்டால் கொழும்பில் இருக்கிற மச்சானுக்குத் தெரிந்த ஒருவர். பிரெஞ்சு வைத்தியர்கள் இந்த வழக்கம் விளங்காமல் இரத்தம் எடுத்துப் பார்க்க அனுப்பினார்கள். டொக்டர் அனுப்பவில்லை. இது வெறும் வாய்வுதானே என்று அரைகுறைப் பிரெஞ்சில் கேட்டால் ஓம். பிரஷர்க் குளிசையை இனி விடலாம்தானே என்றால் ஓம். பக்கத்து வீட்டுக்காரியின் கண்ணூறுதானே என்று தலையிடிக்கு வழி தேடி வந்த பெண்ணுக்கும் அதே சரிந்த தலை, அதே மூடிய கண், அதே ஓம்.

சார்செல்லில் இருந்து ஒரு கணவனும் மனைவியும் வேறு வேறு நாட்களில் வந்தார்கள். மனைவிக்கு உடம்பில் ஒன்றும் இல்லை, மனதில்தான் வருத்தம் என்று கணவன் சொன்னார். டொக்டர் ஆமோதித்தார். தன்னுடைய எல்லா வருத்தத்துக்கும் இந்த மனுசன்தான் காரணம் என்று மனைவி சொன்னார். அதையும் ஆமோதித்தார். இரண்டு பேரும் வீட்டுக்குப் போய் டொக்டரின் முடிவை மற்றவருக்கு அறிவித்திருக்கிறார்கள். பெரிய சண்டை நடந்திருக்க வேண்டும். ஆனால் அடுத்த ஞாயிறு இருவருமாக அவரை மதியச் சாப்பாட்டுக்கு அழைத்தார்கள். தன் பக்கம் நிற்கிற ஒரு படித்த மனிதருக்குச் சோறு போடுவதில் இருவருக்கும் ஒரே சந்தோசம்.

அவரை அரசியல்வாதி ஆக்கியது நாங்கள்தான் என்று நான் நினைக்கிறேன். எங்கள் ஊர்ப் பழைய மாணவர் சங்கம் அந்தக் காலத்தில் இரண்டாகப் பிளந்திருந்தது. மேடையில் எத்தனை கதிரை போடுவது, அதில் யார் உட்காருவது என்பதில் வந்த பிளவு. இரண்டு சங்கமும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் ஆண்டுவிழா வைத்தன; இரண்டும் டொக்டரைப் பிரதம விருந்தினராக அழைத்தன. இரண்டுக்கும் ஓம் சொன்னார். வேறு எவராக இருந்தாலும் ஒரு இடத்தில் காய்ச்சல் என்று சொல்லித் தப்பியிருப்பார். இவர் இரண்டுக்கும் போனார். மத்தியானம் ஒரு மண்டபத்தில் குத்துவிளக்கு ஏற்றினார், பின்னேரம் மற்றதில் ஏற்றினார். அவருடைய பிரெஞ்சை இரண்டு மேடையிலும் தமிழில் சொன்னவன் நான் என்பதால் சொன்னது இரண்டும் எனக்கு நினைவிருக்கிறது. முதல் மேடையில், ஒரு சமூகம் ஒரே உடம்பு, அதைப் பிரிப்பவன் அதைக் கொல்கிறான் என்றார். கைதட்டல் அடங்க நேரமெடுத்தது. இரண்டாவது மேடையில், உடம்பு பிழைக்க வேண்டுமென்றால் சில வேளை வெட்டிப் பிரிக்கத்தான் வேண்டும், ஒரு வைத்தியனாகச் சொல்கிறேன் என்றார். அங்கே எழுந்து நின்று தட்டினார்கள். ரயிலில் திரும்பும்போது மடியில் இரண்டு பொன்னாடை. இதில் எது உங்களுடைய கருத்து என்று கேட்டேன். அவர் என்னை மிகுந்த அன்போடு பார்த்து, உங்களுக்கு எது சரியாகப் பட்டது என்று கேட்டார். நான் முதலாவது என்றேன். அவரும் அதுதான் என்றார்.

அவரைப் பொய்யர் என்று சொல்ல எனக்கு மனமில்லை. பொய்யருக்கு உண்மை எங்கே இருக்கிறது என்று தெரியும். அதைச் சுற்றிப் போவார். இவர் எதிரில் இருக்கிறவர் எதை வேண்டி வந்திருக்கிறார் என்பதைத் தேடிக் கண்டுபிடிப்பார். கண்டுபிடித்ததும், அந்த நிமிடம் முடியுமட்டும், அதை உண்மையாகவே நம்புவார். அதனால்தான் அவருடைய முகத்தில் ஒருபோதும் குற்ற உணர்ச்சி தெரிந்ததில்லை.

ஒரேயொரு ஓமைப் பற்றி மட்டும் எனக்கு இன்றும் முடிவெடுக்க முடியவில்லை. யுத்தம் முடிந்த அந்தக் கோடையில் மன்னார்ப் பக்கத்து அம்மா ஒருவர் பின்னறைக்கு வந்தார். மகன் வன்னியில் காணாமல் போயிருந்தான். அவர் உடம்பைக் காட்ட வரவில்லை. மகனுடைய படத்தைக் காட்டி, இவன் இருக்கிறான்தானே என்று கேட்டார். டொக்டர் படத்தைக் கையில் வாங்கினார். அன்றைக்கு அவர் கண்ணை மூடவில்லை. ஓம் என்றார். அந்த அம்மா நேராகத் தேவாலயத்துக்குப் போய் மெழுகுதிரி ஏற்றினார், இன்றும் ஏற்றுகிறார். அது இரக்கமா கொடுமையா என்று நான் பலமுறை யோசித்துவிட்டேன். இரண்டு பக்கத்துக்கும் நியாயம் கிடைக்கிறது. அவரோடு பழகியதால் வந்த வியாதியாக இருக்கலாம்.

இனி கனகு அண்ணையின் கால்.

அந்த ஓமுக்குப் பிறகு வந்த குளிர்காலம் அது. கனகு அண்ணைக்குச் சீனி வியாதி. வலது காலின் பெருவிரல் கறுத்துக்கொண்டு வந்தது. வைத்தியசாலையில் விரலை எடுக்க வேண்டும் என்று சொல்லி நாளும் குறித்துவிட்டார்கள். கனகு அண்ணை பின்னறையில் சப்பாத்தைக் கழற்றி, வெட்டாமல் மருந்தால் மாற்றலாம்தானே என்று கேட்டார். அறையில் அவர்கள் இருவர் மட்டும். திரைக்கு இந்தப் பக்கம் நானும் பவானி அக்காவும். ஓம் என்று கேட்டது. கனகு அண்ணை வைத்தியசாலைக்குப் போகவில்லை. உப்புத் தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு, உலகத்தில் மனிதத்தன்மை உள்ள ஒரே வைத்தியர் தன்னுடைய கடையில் ரோல் சாப்பிடுகிறார் என்று வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். பொங்கல் கழிந்த கையோடு அம்புலன்சில் கொண்டுபோனார்கள். விரலோடு முடிந்திருக்க வேண்டியது முழங்காலுக்குக் கீழே முழுவதுமாகப் போனது.

டொக்டர் வைத்தியசாலைக்கு வந்தார். கட்டிலின் விளிம்பில் இருந்து கனகு அண்ணையின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். கனகு அண்ணைதான் அவரைத் தேற்றினார். இது விதிதானே டொக்டர், உங்களில் என்ன பிழை என்றார். டொக்டர் கண்ணீரோடு தலையாட்டினார். அன்று தொடங்கிப் பவானி அக்கா டொக்டரின் பெயரைச் சொன்னதில்லை. கனகு அண்ணைக்கோ அந்தக் காலை எடுத்தது வைத்தியசாலை. காப்பாற்றப் பார்த்தது டொக்டர். இந்தக் கணக்கில் எங்கே பிழை என்று அவருக்கு எவராலும் காட்ட முடியவில்லை.

அந்த வருடமே டொக்டரின் நாட்டில் ஆட்சி மாறியது. பழைய தோழர்கள் கூப்பிட்டார்கள், புறப்பட்டார். முதியோர் இல்லத்தில் திங்கட்கிழமை வருவேன் என்றார். அறைச் சொந்தக்காரரிடம் வருடக் கடைசிவரை அறை வேண்டும் என்றார். கனகு அண்ணையிடம் ஒரு மாதத்தில் திரும்பி வந்து புதுப் பொய்க்காலில் நடக்கப் பழக்குவேன் என்றார். நடக்கப் பழக்கியது அரசாங்கம் அனுப்பிய ஒரு பெண்.

அதன் பிறகு நான் அவரைப் பத்திரிகைகளில் தொடர்ந்தேன். முதலில் சுகாதார அமைச்சர். பிறகு ஒரு கூட்டணிக்குத் தலைவர். சேர்ந்து இருக்கவே முடியாது என்று எல்லாரும் சொன்ன கட்சிகளெல்லாம் அந்தக் கூட்டணியில் இருந்தன. ஒவ்வொன்றும் அவர் தன்னுடைய ஆள் என்று நினைத்தது. கடைசியில் ஜனாதிபதி. தேர்தலின்போது மலையில் இருந்த விவசாயிகளிடம் ஆற்றை மறித்து அணை கட்டமாட்டேன் என்றும், தலைநகரத்தில் மின்சாரம் இல்லாமல் இருந்தவர்களிடம் அணை கட்டுவேன் என்றும் சொல்லியிருக்கிறார். இரண்டு கூட்டத்துப் படங்களையும் பார்த்தேன். அதே சரிந்த தலை. இப்போது அந்த அணை பாதி கட்டியபடி நிற்கிறது. ஆறு பாதிச் சுவரைச் சுற்றிக்கொண்டு ஒரு கிராமத்துக்கு ஊடாகப் போகிறது. கிராமத்தவர்கள் முறையிட அவரிடம் போனார்கள். மிகவும் திருப்தியோடு திரும்பினார்கள் என்று அந்தச் செய்தி முடிந்திருந்தது.

லாச்சப்பலில் அணையைப் பற்றி எவரும் கேட்கவில்லை. எங்களுடைய டொக்டர் ஜனாதிபதி. பழைய மாணவர் சங்கம் இரண்டும் தங்கள் தங்கள் பொன்னாடைப் படத்தைத் தேடி எடுத்துப் பெரிதாக்கி மாட்டின.

பாரிசில் ஒலிம்பிக்ஸ் நடந்ததற்கு அடுத்த இலையுதிர்காலத்தில் அவர் அரசுமுறைப் பயணமாக வருகிறார் என்றும், பழைய நண்பன் கனகுவின் கடையில் சாப்பிட விரும்புகிறார் என்றும் தூதரகத்திலிருந்து ஒரு சங்கத் தலைவருக்கு அழைப்பு வந்தது. அவர் தொலைபேசியை வைக்குமுன் மற்றச் சங்கத்துக்குத் தெரிந்துவிட்டது. யார் முதலில் பொன்னாடை போர்த்துவது என்று மூன்று கூட்டம் நடந்தது. ஜனாதிபதியின் செயலாளரிடம் கேட்கலாம் என்று முடிவாகி இரண்டு தரப்பும் தனித்தனியே கேட்டன. நீங்கள்தான் முதல் என்று இரண்டு தரப்புக்கும் பதில் வந்தது. கடைசியில் இரண்டு தலைவர்களும் இரண்டு பக்கத்தில் நின்று ஒரே நேரத்தில் போர்ப்பது என்று ஒப்பந்தம்.

இந்த அமளியில் ஒரு வீட்டில் மட்டும் பயம் இருந்தது. கனகு அண்ணையின் மிஞ்சிய காலில், இடது பாதத்தின் கடைசி இரண்டு விரலிலும் புண். கட்டு மாற்ற வீட்டுக்கு வருகிற தாதி புண் எலும்பைத் தொட்டுவிட்டது என்று சொல்லிவிட்டாள். இரண்டு விரலையும் உடனே எடுத்தால் பாதம் மிஞ்சும், பிந்தினால் சொல்ல முடியாது என்று வைத்தியசாலையில் சொன்னார்கள். கனகு அண்ணை வைத்தியசாலை குறித்துக் கொடுத்த ரான்டெவுவை ஒருதரம் தள்ளினார், பிறகு இன்னொருதரம் தள்ளினார். இங்கே பிறந்த மகள் ஆரணி அப்பாவோடு பிரெஞ்சில்தான் சண்டை பிடிப்பாள். முழுக் காலையும் கொடுக்கப் போகிறீர்களா என்று கேட்டு அழுதாள். அவர் தமிழில் ஒரே பதிலை வைத்திருந்தார்.

"டொக்டர் வாறார். அவர் பாத்துச் சொல்லட்டும். அவர் வெட்டு எண்டா நான் வெட்டுறன்."

மற்றவர்கள் இதை நல்ல செய்தி என்று எடுத்தார்கள். பவானி அக்கா எடுக்கவில்லை. ஒரு பின்னேரம் கடையில் வெண்டிக்காய் பிரித்துக்கொண்டு இருந்தவர் என்னிடம் கேட்டார்.

"தம்பி, அவர் வந்து என்ன சொல்லுவார்?"

"அண்ணை கேக்கிறதைத்தான் அக்கா."

"இவர் என்ன கேப்பார் எண்டு எனக்குத் தெரியும்."

கொஞ்ச நேரம் வெண்டிக்காயின் நுனிகளை முறித்துப் பார்த்துக்கொண்டு இருந்தார். முற்றியதை ஒரு பக்கம் எறிந்தார்.

"வாசலிலை பன்னீர் தெளிக்கிறது ஆர்?"

இன்னும் முடிவாகவில்லை, பொன்னாடையோடு நிற்கிறார்கள் என்றேன்.

"அதை நான் தெளிக்கிறன் எண்டு சொல்லிவிடும்."

எங்கள் விழாக்களில் விருந்தினரை வாசலில் மறித்து, பன்னீர் தெளித்து, சந்தனமும் குங்குமமும் நீட்டுவது பெண்கள். இரண்டு சங்கத்து ஆண்களும் பொன்னாடையிலேயே கண்ணாக இருந்ததால், விருந்தினருக்கு மிகக் கிட்ட, எல்லாருக்கும் முதலில் நிற்கப்போவது பன்னீர்ச் செம்புக்காரி என்பதை ஒருவரும் யோசிக்கவில்லை. கடைக்காரரின் மனைவிதானே, பொருத்தம் என்று விட்டுவிட்டார்கள்.

அவர் வந்தது ஒரு சனிக்கிழமை மத்தியானம். பொலிஸ் வீதியை மறித்திருந்தது. கறுப்புக் காரிலிருந்து இறங்கியவர் கொஞ்சம் உடம்பு வைத்திருந்தார், முடி வெள்ளை, சிரிப்பில் மாற்றமில்லை. நாதஸ்வரம், தவில், கைத்தொலைபேசிகள். பவானி அக்கா மாம்பழ நிறச் சேலையில் செம்போடு வாசலை நிறைத்து நின்றார். பன்னீரைத் தெளித்தார். சந்தனத் தட்டை நீட்டவில்லை. தட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, பாடமாக்கி வைத்திருந்த பிரெஞ்சில், சத்தமாக, ஜனாதிபதியைப் பார்த்துக் கேட்டார். என்னுடைய கணவர் இன்றைக்கே வைத்தியசாலைக்குப் போய் விரலை எடுக்க வேண்டும். சரிதானே டொக்டர்?

அவர் பவானி அக்காவைப் பார்த்தார். அந்த முகத்தில் என்ன வேண்டுதல் இருக்கிறது என்று தேட அவருக்கு அதிக நேரம் தேவைப்படவில்லை. தலை சரிந்தது. கண் மூடித் திறந்தது.

"ஓம்."

கூட்டம் ஆரவாரித்துக் கைதட்டியது. ஒரு ஜனாதிபதி தமிழில் பேசுகிறார் என்று. என்ன கேட்டார், எதற்குப் பதில் என்பது ஒருவருக்கும் பொருட்டில்லை. ஆனால் வாசலுக்கு நேரே, கடைக்குள் போட்ட கதிரையில், இடது காலை ஒரு அரிசி மூட்டையில் நீட்டியபடி இருந்த கனகு அண்ணை இரண்டையும் கேட்டார். பவானி அக்கா அதன்பிறகுதான் சந்தனம் கொடுத்து வழிவிட்டார்.

டொக்டர் உள்ளே வந்து கனகு அண்ணையைக் கட்டிப்பிடித்தார். இருவர் கண்ணும் நனைந்தன, அதில் நடிப்பில்லை. பாதுகாப்புக்காரர்கள் தடுக்கப் பார்க்க, விலை உயர்ந்த காற்சட்டையோடு தரையில் முழங்காலிட்டு, கட்டைத் தானே அவிழ்த்தார். புண்ணைப் பார்த்தார். நான் பக்கத்தில் நின்றேன். அந்தச் சிறிது நேரம் அவருடைய முகத்தில் சிரிப்பு இல்லை, தலை சரியவில்லை. மலைக்கிராமத்தில் வேலை செய்த ஒரு வைத்தியனின் முகம் அது. அவருக்குத் தெரிந்தது. அன்றைக்குப் பின்னறையில் பெருவிரலைப் பார்த்தபோதும் தெரிந்துதான் இருந்திருக்க வேண்டும் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

கனகு அண்ணை குனிந்து, பழைய குரலில், நண்பனிடம் கேட்கிற மாதிரிக் கேட்டார்.

"டொக்டர், வெட்டாமல் மாத்தலாம்தானே?"

டொக்டர் நிமிர்ந்து கனகு அண்ணையின் முகத்தைப் பார்த்தார். பார்த்ததும் அந்த வைத்தியன் போய்விட்டான். தலை சரிந்தது.

"ஓம்."

பவானி அக்கா செம்போடு வாசலில் நின்றபடி அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார். கனகு அண்ணை அவரைப் பார்த்தார். பிறகு டொக்டரைப் பார்த்தார். முன்பெல்லாம் டொக்டரின் ஓம் அவருக்கு மட்டும் சொல்லப்பட்டது. திரைக்குப் பின்னால், அவருக்காகவே செய்தது போல. அதே விரலுக்கு, அதே வாயால், இன்னொருவருக்கு எதிர்ப்பக்கமாக ஒரு ஓம் போனதை அவர் அதுவரை காதால் கேட்டதில்லை.

"இப்ப வாசலிலை வெட்டவேணும் எண்டு சொன்னனீங்கள்," என்று பிரெஞ்சில் மெல்லச் சொன்னார்.

டொக்டர் தலையாட்டினார். ஓம்.

"இஞ்சை வேண்டாம் எண்டு சொல்லுறியள்."

அதற்கும் ஓம். சிரித்த முகத்தோடு, கனகு அண்ணையின் கையைத் தட்டிக் கொடுத்தபடி.

கனகு அண்ணை கையை உருவிக்கொண்டார். கோபமாக அல்ல, கடையில் ஒரு சாமானை எடுத்துப் பார்த்துவிட்டுத் தட்டில் திருப்பி வைக்கிறவர்போல. சங்கத் தலைவர்கள் இருவரும் இரண்டு பக்கத்திலும் பொன்னாடையை விரித்துக்கொண்டு வந்தார்கள். டொக்டர் கட்டை அரைகுறையாகச் சுற்றிவிட்டு எழுந்து அவர்களுக்குத் தோளைக் கொடுத்தார். தவில்காரர் மேளத்தைப் பிடித்தார். அந்தச் சத்தத்துக்குள் கனகு அண்ணை மனைவியிடம் சொன்னது எனக்கும் ஆரணிக்கும் மட்டும்தான் கேட்டிருக்கும்.

"இஞ்சாரும், என்ரை கோட்டை எடும். போவம்."

பின்னறை வழியாக வெளியேறினோம். ஆரணி அடுத்த தெருவில் காரை விட்டிருந்தாள். காலையிலேயே அங்கே கொண்டுவந்து நிறுத்தியவள் அவள் என்று பிறகு தெரிந்தது. உள்ளே சாப்பாடு தொடங்கியிருந்தது. நாங்கள் போனதை அவர் கவனித்தாரா தெரியாது. பொன்னாடைகளில் எது மேலே கிடந்தது என்ற விவாதம் அடுத்த சித்திரை வருடப்பிறப்புவரை ஓடியது.

வைத்தியசாலையின் அவசரப் பிரிவான ஊர்ஜான்ஸில் எங்களைக் கவனித்தது ஒரு இளம் பெண் வைத்தியர். பிரெஞ்சுக்காரி, கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கருமை, பேசுவதற்கு நேரமில்லாத ஆள். கட்டை விலக்கிப் புண்ணைப் பார்த்தாள். எக்ஸ்ரே படத்தைப் பார்த்தாள். இரண்டு விரலும் போக வேண்டும், பாதம் மிஞ்சும், இன்றைக்கே அனுமதிக்கிறோம் என்றாள். கனகு அண்ணை அவளை உற்றுப் பார்த்துக்கொண்டு தன்னுடைய கேள்வியைப் பிரெஞ்சில் கேட்டார்: வெட்டாமல் மாற்ற முடியாதா, மதாம்?

"நோன்," என்று மறுத்தாள்.

அவர் முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு கொஞ்சம் கெஞ்சுகிற குரலில் இன்னொருதரம் கேட்டார். அந்தப் பெண் இந்தமுறை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நோன் என்று சொல்லிக்கொண்டே கையுறையை மாட்டி, டொக்டர் அவிழ்த்து அரைகுறையாகச் சுற்றிவிட்டிருந்த கட்டை முழுவதுமாகக் கழற்றி வாளிக்குள் போட்டாள்.

கனகு அண்ணை தலையணையில் சாய்ந்தார். பவானி அக்காவின் பக்கம் திரும்பி, அந்தப் பெண் தமிழை விளங்கிக்கொள்ளப் போகிறாளோ என்று பயந்தவர்போலக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"இந்தப் பிள்ளை படிச்ச பிள்ளை."